ஸ்டெல்லாவுக்கு மட்டும் தனிச் சட்டமா?

போன மாதம் கவிதா வீட்டுக்கு வந்திருந்தாள். என்னிடம் வேலை பழகியவள். இப்போது கோவையில் ஒரு அனிமேஷன் நிறுவனத்தில் பணியாளர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் இருக்கிறாள். அவர்களிடம் படம் வரைகிறவர்களில் சிலருக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறதாம். கவனம் ஓரிடத்தில் நிற்காது, நின்றுவிட்டால் அங்கிருந்து நகராது. பிறவியிலேயே வருகிற தன்மை. அப்படிப்பட்டவர்களை எப்படி நடத்துவது என்று மேலதிகாரிகளுக்கு ஒரு வகுப்பு வைக்கப்போகிறார்கள்.

"ஸ்டெல்லாக்காவுக்கு நீங்க செஞ்சதை வந்து சொல்லுங்க மேடம். கேக்கறவங்களுக்கு உற்சாகம் வர்ற மாதிரி" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கவிதா மேல் இல்லை. அவளுக்குத் தெரிந்தது பாதிதான். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதைப் படித்து யாருக்கும் உற்சாகம் வரும் என்று தோன்றவில்லை.

நான் வேலை பார்த்தது கோவையிலிருந்து அவிநாசி போகும் வழியில் இருந்த ஒரு துணி அச்சு ஆலையில். படுக்கை விரிப்பு, திரைச்சீலை, தலையணை உறை, எல்லாமே வெளிநாட்டுக்குக் கப்பலேறும் சரக்கு. ஓவியத்தில் டிப்ளமோ முடித்த கையோடு டிசைனைப் பிரதியெடுக்கும் டிரேசராகச் சேர்ந்தேன். பிரஷ் கழுவி, கோடு இழுத்து, திட்டு வாங்கி, பன்னிரண்டு வருடத்தில் டிசைன் ரூம் சூப்பர்வைசர் ஆனேன். என்னைப் பற்றி இவ்வளவு போதும்.

அந்த அறையில் என்ன நடந்தது என்பது புரிந்தால்தான் பிறகு நடந்தது புரியும். டிசைனர் ஒரு பூங்கொத்து வரைவார். அது துணி நெடுகத் திரும்பத் திரும்ப வர வேண்டும். ஆகவே நாலு பக்கமும் ஒன்றோடொன்று இணையும்படி அமைக்க வேண்டும். அதற்குப் பிறகு நிறத்துக்கு ஒரு பிலிம், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள். சிவப்பு வருகிற இடங்களை மட்டும் ஒரு பிலிமில் கறுப்பு மையால் வரைய வேண்டும், பச்சைக்கு இன்னொன்று. ஏழு நிறமென்றால் ஏழு பிலிம். ஒவ்வொன்றின் நாலு மூலையிலும் கூட்டல் குறி போல ஓர் அடையாளம் போடுவோம். அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசைமேல் ஏழையும் அடுக்கிப் பார்த்தால் குறிகள் ஒன்றாகத் தெரிய வேண்டும். ஒன்று விலகினாலும் துணியில் இலை ஒரு பக்கம், காம்பு ஒரு பக்கம் போய்விடும். எங்கள் ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்து சேராத காலம் அது. எல்லாம் கண்ணும் கையும்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்டெல்லா வேலை கேட்டு வந்தாள். அன்னூர் பக்கத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். இவள் டிராயிங் பாஸ் பண்ணிவிட்டு, கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தையோடு, கிடைத்த இடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தவள். நேர்முகத்துக்கு வந்தவள் எங்கள் கேள்விகளைப் பாதிதான் காதில் வாங்கினாள். சுவரில் மாட்டியிருந்த ஒரு டிசைனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இது துணியில ஓடுனா குறுக்கால ஒரு சந்து விழுமுங்களே?" என்று கேட்டாள்.

பூக்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் ஒன்று சேர்ந்து துணியில் வெள்ளைக் கோடாகத் தெரியும் என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். அந்த டிசைனை எட்டுப் பேர் பார்த்துச் சரி என்று அனுப்பியிருந்தோம். அச்சடித்துக் கப்பலேற்றிய பிறகு, அதே கோட்டைக் காட்டி வாங்கியவர்கள் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி, சிறுதாளில் வரைந்த படத்தைப் பார்த்தே சொல்லிவிட்டாள். அன்றைக்கே எடுத்துக்கொண்டோம்.

முதல் ஆறு மாதம் அவளால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பஸ்ஸில் பையை விட்டுவிட்டு வருவாள். மூன்று வேலையைத் தொடங்கி மூன்றையும் பாதியில் வைத்திருப்பாள். சுவரில் இருந்த போன் அடித்தால் போதும், யார் எடுத்தாலும் இவள் கை நின்றுவிடும். அதோடு அந்த பிலிம் காலி. ஆனால் சில நாள் ஒரு பூவுக்குள் இறங்கிவிட்டால் சாப்பாட்டு மணி அடித்தாலும் கேட்காது. தோளைத் தொட்டால் தூக்கிவாரிப்போடும். நானும் திட்டினேன். "உனக்குப் புத்தி எங்க இருக்குது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறேன். அதையும் மறைக்கக்கூடாது.

ஒருநாள் அவசரமாக ஒரே ஒரு வேலை வந்தது. கொடுக்க வேறு எதுவும் இல்லை. போனும் பழுதாகிக் கிடந்தது. மற்றவர்கள் மூன்று நாள் எடுக்கிற வேலையை ஸ்டெல்லா பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டாள். ஒரு தப்பும் இல்லை. நான் கருணையால் ஒன்றும் மாறவில்லை. வேலை நடக்கிறதே என்று மாறினேன்.

அவள் மேசையைப் போனிலிருந்து தள்ளி, வடக்குச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டேன். ஒரு துண்டுச்சீட்டில் ஒரே ஒரு வேலையை எழுதிக் கொடுப்பேன். அது முடிந்து சீட்டு என் கைக்கு வந்தால்தான் அடுத்தது. பஸ் தவறி அரைமணி தாமதமானால் மாலையில் அரைமணி கூட இருந்து ஈடு செய்யலாம். முக்கியமாக, அவள் முடித்த பிலிமைப் பாக்கியம் ஒருதடவை பார்ப்பாள். பாக்கியம் எங்களிலேயே மூத்த டிரேசர். சொந்தமாக ஒரு பூ வரைய வராது, ஆனால் நூலிழை விலகினாலும் கண்ணில் பட்டுவிடும். பதிலுக்குப் பாக்கியத்தால் இணைக்க முடியாத டிசைன்களை ஸ்டெல்லா இணைத்துக் கொடுப்பாள்.

உடனே முணுமுணுப்பு கிளம்பியது. "ஸ்டெல்லாவுக்கு மட்டும் தனிச் சட்டமுங்களா?" என்று நேராகவே கேட்டார்கள்.

"யாருக்கு வேணுமோ கேளுங்க, உங்களுக்கும் அப்படியே செஞ்சு தாரேன்" என்றேன். இரண்டு பேர் வந்து சுவரோர மேசை கேட்டார்கள். கொடுத்தேன். அதோடு பேச்சு அடங்கியது. அப்படி இரண்டரை வருடம் ஓடியது. அந்தக் காலத்தில் எங்கள் அறையிலிருந்து போன நல்ல டிசைன்களில் பெரும்பாலானவை ஸ்டெல்லா கை பட்டவை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மதியம் அவள் டிபன் பாக்ஸைத் திறக்காமல் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். பெண் பள்ளியில் ஓரிடத்தில் உட்காருவதில்லை என்று கோவையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறாள். அவர் குழந்தையைப் பார்த்துவிட்டு, தாயிடமும் ஒருமணி நேரம் கேள்வி கேட்டு, "உங்களுக்கும் இதேதாம்மா" என்று சொல்லி, பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டை என்னிடம் நீட்டினாள். நான் அந்த எழுத்துகளை முதன்முதலில் பார்த்தது அப்போதுதான்.

"முப்பத்திமூணு வருசமா நான் சோம்பேறின்னு, திமிரு புடிச்சவள்னு எல்லாரும் சொன்னாங்கக்கா. நானும் அதையேதான் நம்பிட்டிருந்தேனுங்க" என்றாள். சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்கக்கா. எங்கூட்டுக்காரருக்கே இன்னும் சொல்லல."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

அடுத்த வருடம் எங்கள் ஆலைக்குத் தரச் சான்றிதழ் மோகம் பிடித்தது. வெளிநாட்டில் கேட்கிறார்கள் என்று டை கட்டிய ஆட்கள் வந்து ஆலை முழுக்க அளந்தார்கள். மேசைகள் எல்லாம் ஒரே வரிசையில் இருக்க வேண்டும், வாசலில் கார்டு அடிக்கும் கடிகாரம், வேலை செய்தவரே சரிபார்த்து அவரே கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். பாக்கியம் பார்ப்பது 'நடைமுறையில் இல்லாத வேலை' ஆகிவிட்டது.

இதை எதிர்த்து ஒரு பக்கம் எழுதி மேனேஜரிடம் கொண்டுபோனேன். மேனேஜர் நாச்சிமுத்துவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கூட்டுகிற பெண்ணைக்கூட 'வாங்க போங்க' என்பார். அவர் அறைக்குள் போனால் எழுந்து நின்று உட்காரச் சொல்வார், டீ வரவழைப்பார். நாம் குடித்து முடிக்கும்வரை மழை, பயிர், பிள்ளைகள் படிப்பு என்று பேசுவார். டம்ளரைக் கீழே வைத்ததும் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, நமக்குப் படிக்க வசதியாகத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுவார். அவர் அறைக்கு டீ போனால் யாருக்கோ மெமோ என்று ஆலை முழுக்கத் தெரியும்.

நான் எழுதியதைப் பொறுமையாகப் படித்தார். "நீங்க சொல்றது புரியுதுங்க அம்மணி. ஆனா எல்லாருக்கும் ஒண்ணா இருக்கறதுதானுங்க நியாயம்?" என்றார். பிறகு கொஞ்சம் முன்னால் சாய்ந்து, "அவிய வளர்ந்த இடம் அப்படீங்க. நேரங்காலம் பழகியிருக்காது. நீங்களும் நம்ம பக்கத்து ஆளு, உங்களுக்குத் தெரியாததுங்களா" என்றார்.

அந்தச் சொல்லில் இருந்தது சாதி என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஸ்டெல்லாவின் அப்பா விடிகாலையிலேயே அடுத்தவர் தோட்டத்தில் மண்வெட்டியோடு நின்ற மனிதர். அவர்களுக்கா நேரம் தெரியாது? கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

மேசையைத் திருப்பி வரிசையில் போட்டார்கள். ஸ்டெல்லாவின் இடம் போனுக்கு நேர் கீழே வந்தது. தாமதமான நாளெல்லாம் கார்டில் சிவப்பு மை விழ ஆரம்பித்தது. இரண்டு மெமோ வாங்கினாள். என்னிடம் ஒருநாள், "அக்கா, காலையில கண்ணு முழிச்சாலே நெஞ்சு படபடங்குதுங்க" என்றாள். "கொஞ்சம் பொறுத்துக்க" என்றேன்.

பிறகு அது நடந்தது. ஏழு நிறத்தில் ஒரு பெரிய படுக்கை விரிப்பு. ஒரே டிசைன், ஒற்றைக் கட்டிலுக்கு ஒரு அளவு, இரட்டைக் கட்டிலுக்கு ஒரு அளவு. ஸ்டெல்லா இரட்டைக் கட்டிலின் பச்சை பிலிமில் இருந்தபோது மேனேஜரிடமிருந்து ஆள் வந்து, "இதைச் செத்த முடிச்சுக் குடுங்க" என்று ஒரு லேபிள் வேலையைக் கொடுத்தார். அது முடியுமுன் இன்னொன்று. அதற்குள் இரண்டு தடவை போன். நான் அன்று சாய அறையில் இருந்தேன். எல்லாம் முடித்து மறுபடி பச்சையை எடுத்த ஸ்டெல்லா, ஒற்றைக் கட்டிலின் அளவை வைத்து மூலைக் குறிகளைப் போட்டுவிட்டாள். தானே பார்த்து, தானே கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

அச்சு ஓடத் தொடங்கும்போது முதல் துண்டைக் கிழித்து டிசைன் ரூமுக்கு அனுப்பி, நான் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மெஷினை மேற்கொண்டு ஓட்ட வேண்டும். அது அந்தப் புதுச் சான்றிதழ்ப் புத்தகத்திலேயே இருந்த விதி. அன்று முதல் துண்டு எனக்கு வரவில்லை. கப்பலுக்கு நேரமாகிறது, நேராக ஓட்டுங்கள் என்று நாச்சிமுத்துவே சொன்னதாகப் பிறகு அச்சுக்கூட ஃபோர்மேன் என்னிடம் சொன்னார். ஒரு பகல் முழுக்கத் துணி ஓடியது. எல்லாப் பூவிலும் இலை ஒரு விரல் அகலம் விலகிக் கிடந்தது.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. அவர், பர்சனல் ஆபீசர், ஸ்டெல்லா, நான். எல்லாருக்கும் டீ வந்தது. ஸ்டெல்லா தொடவில்லை.

"இது உங்க கையெழுத்துங்களா அம்மணி?"

"ஆமாங்க."

"பாத்துத்தான் போட்டீங்களா?"

"பாத்தேனுங்க. ஆனா தெரியலீங்க. தப்பு என்னோடதுதானுங்க."

பர்சனல் ஆபீசர் எழுதிக்கொண்டார். 'வேண்டுமென்றே அலட்சியம்' என்று அவர் பேனா எழுதுவது எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. முதல் துண்டைப் பற்றி யாருமே பேசவில்லை. நான் பேசினேன். "அதைத் தனியா விசாரிச்சுக்கலாமுங்க" என்றார் நாச்சிமுத்து. அந்த இதமான குரலைக் கேட்டதும் எனக்குள் என்னவோ அறுந்தது.

"இது அலட்சியம் இல்லைங்க சார்! இவளுக்கு அப்படி ஒரு தன்மை இருக்குதுன்னு டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு. ரெண்டரை வருசம் ஒரு தப்பு இல்லாம வேலை செஞ்சவ. மேசைய மாத்துனது நீங்க, பாக்கியத்தை நிறுத்துனது நீங்க!" என்று எழுந்து நின்று கத்தினேன்.

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் விவரிக்க முடியாது. நடுத்தெருவில் சேலையைப் பற்றி இழுத்தவளைப் பார்ப்பது போல இருந்தது.

நாச்சிமுத்து மட்டும் அசையவில்லை. "அப்படிங்களா அம்மணி? எனக்குத் தெரியாமப் போச்சுங்களே. டாக்டர் சீட்டு இருக்குதுங்களா?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டார், ரொம்ப அன்பாக.

இரண்டு நாளில் உத்தரவு வந்தது. அலட்சியம் என்ற வார்த்தையே அதில் இல்லை. 'மனநலக் காரணங்களால் பணிக்குத் தகுதியற்றவர். எனவே விடுவிக்கப்படுகிறார்' என்று இருந்தது. அலட்சியம் என்றால் நிரூபிக்க வேண்டும், முதல் துண்டு எங்கே என்ற கேள்வி வரும். இது அவர்களுக்குச் சுலபமாகப் போயிற்று. காகிதத்தின் அடியில் பென்சில் குறி இருந்தது. ஸ்டெல்லா அதன்மேல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிரஷ்களைக்கூட எடுக்காமல் போனாள். சர்வீஸ் சர்டிபிகேட்டிலும் அதே வாசகத்தை அடித்திருந்தார்கள்.

நல்லது செய்யத்தானே சொன்னீர்கள் என்று அப்போதே பலபேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம். அது என் வாயால் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை. ஒரு தடவை அவளைப் பார்த்து "சொல்லட்டுமா?" என்று கேட்டிருக்கலாம். கேட்க அரை நிமிடம் ஆகியிருக்காது. நாச்சிமுத்து மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்குக் குறைவில்லாத கோபம் என் மேலும் இருக்கிறது. இதை எழுதலாமா என்று ஸ்டெல்லாவிடம் கேட்டு, அவள் முழுதும் படித்துச் சரி என்ற பிறகுதான் வெளியே கொடுக்கிறேன்.

உத்தரவு வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை அன்னூர் போனேன். கோயில் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க பொய் சொல்லலீங்கக்கா. நெசத்தைத்தான் சொன்னீங்க. ஆனா அது என்னோட நெசமுங்க" என்றாள். சத்தம் போடவில்லை. சர்டிபிகேட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "இதைக் காட்டி எங்கீங்க வேலை கேக்கறது? பைத்தியம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அழுது ஒண்ணும் ஆகப்போறதில்ல. உங்களால வேற எழுதித் தர முடியுமுங்களா? நான் என்ன வேலை செஞ்சேன், அது மட்டும்."

அங்கேயே எழுதவில்லை. மறுநாள் டிசைன் ரூமில், என் லெட்டர் தாளில், அவள் எத்தனை வருடம் இருந்தாள், என்னென்ன டிசைன் அவளுடையது, எதெல்லாம் மறுபடி மறுபடி ஆர்டர் வந்தது என்று ஒன்றுவிடாமல் எழுதி, கையெழுத்துப் போட்டு, சூப்பர்வைசர் முத்திரையும் குத்தினேன். அனுமதி கேட்கவில்லை. எனக்கு அந்த அதிகாரம் கிடையாது என்பது தெரியும்.

இரண்டு வாரத்தில் நாச்சிமுத்துவுக்கு விஷயம் போய்விட்டது. கூப்பிட்டார். டீ வரவில்லை. "கம்பெனி ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்லியிருக்கீங்க. இது சரிங்களா?"

"நான் எழுதுனதுல எது பொய்யுன்னு சொல்லுங்க சார். அடிச்சுத் தாரேன்."

அவர் மேசைமேல் இருந்த என் கடிதத்தின் நகலை மடித்து இழுப்பறைக்குள் வைத்தார்.

"மெமோ குடுக்கறதுன்னா குடுங்க. பதில்ல முதல் துண்டைப் பத்தியும் எழுதறேன். அதை முதலாளியும் படிப்பாரில்லீங்களா?"

மெமோ வரவில்லை. சம்பள உயர்வுப் பட்டியலில் அடுத்த நாலு வருடம் என் பெயரும் வரவில்லை. அவரும் அதே நாற்காலியில் இருந்து மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். அவரைப் போலத் தன்மையான மனிதர் இல்லை என்று மேடையில் எல்லாரும் பேசினார்கள். நான் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

நான் எழுதிக் கொடுத்து மூன்று மாதம் இருக்கும். டிசைன் ரூம் போன் அடித்தது. ஸ்டெல்லா. மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நைட்டித் துணியும் குழந்தைகள் விரிப்பும் அச்சடிக்கிற இடம். முதலாளியே கையில் சாயத்தோடு நிற்கிறவராம்.

"அவர்கிட்ட சொன்னியா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பேரெல்லாம் சொல்லலீங்கக்கா. 'எனக்கு ஒரு நேரத்துக்கு ஒரு வேலை குடுங்க, நான் முடிச்சதை இன்னொருத்தரு ஒருக்காப் பாக்கட்டும், போன் பக்கத்துல உக்கார வெக்காதீங்க'ன்னு மட்டும் சொன்னேனுங்க."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"'அவ்வளவுதானுங்களா?'ன்னு கேட்டாருங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த 'அவ்வளவுதானா'வை எங்கள் ஆலையில் ஒருவரும் கேட்கவில்லையே என்றிருந்தது. "நல்லா இரு, அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்தேன். வைத்த வேகத்தில் ரிசீவர் நழுவிச் சுவரில் மோதித் தொங்கியது. வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். மாட்டினால் மறுபடி அடிக்கும் என்று, நான் அதை எடுக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.